நடுவர் நாற்காலியிலிருந்து

சரத் கமலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பதக்கத்தை எண்ணுகிறார்கள். காமன்வெல்த் விளையாட்டுகளில் மட்டும் 13, அதில் தங்கம் 7. தேசியச் சாம்பியன் பட்டம் 10. ஆடிய ஒலிம்பிக் 5. அர்ஜுனா, பத்மஸ்ரீ, கேல் ரத்னா. எண்ணி முடித்ததும் கட்டுரையும் முடிந்துவிடும்.

அந்தக் கணக்கில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் டேபிள் டென்னிஸ் மேசையின் பக்கவாட்டில், உயரமான நாற்காலியில் உட்கார்ந்து பாயின்ட் சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு வேறொரு கணக்கு கண்ணில் படும். சரத் கமல் சிறுவனாகக் கற்றுக்கொண்ட ஆட்டம் ஒன்று, பட்டங்களை வென்ற ஆட்டம் இன்னொன்று, பேட்டைக் கீழே வைத்தபோது ஆடியது மற்றொன்று. முதலில் பந்தின் அளவை மாற்றினார்கள். அடுத்து பாயின்ட் கணக்கை. அதற்கடுத்து சர்வீஸை, பிறகு பசையை. கடைசியில் பந்தைச் செய்யும் பொருளையே மாற்றிவிட்டார்கள். இத்தனையும் 2000-க்கும் 2014-க்கும் நடுவே நடந்தது. அந்தப் பதினான்கு வருஷமும் அவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார்.

நான் ஆடியது 21 பாயின்ட் காலம். கல்லூரி அணியில் ஆடி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வங்கியில் சேர்ந்தவன். அன்றைய சென்னையில் டிடி ஆடுகிற பையனுக்கு எதிர்காலம் என்றால் அதுதான்: வங்கி, ரயில்வே, தபால் துறை, கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் எண்ணெய்க் கம்பெனி. சாயங்காலம் கவுன்டரை விட்டுச் சீக்கிரம் எழுந்து போக அனுமதி கிடைக்கும். பக்கத்து சீட்காரர் முறைப்பார். ஆட்டம் போன பிறகு நடுவர் தேர்வு எழுதினேன். மாநிலப் போட்டிகளில் நாற்காலி கிடைத்தது.

அந்தக் காலத்து ஹாலில் ஃபேன் போட முடியாது. பந்தின் எடை இரண்டரை கிராம். ஃபேன் காற்று அதை மேசைக்கு வெளியே தள்ளிவிடும். மே மாதம், மூடிய ஜன்னல்கள், கைப்பிடி வழுக்குகிற அளவுக்கு வியர்வை. ஐந்து சர்வீஸுக்கு ஒருமுறை சர்வீஸ் கை மாறும். அப்போதுதான் துண்டை எடுக்கலாம். பந்து செல்லுலாய்டு. அதைச் செய்யக் கற்பூரம் சேர்ப்பார்கள் என்பதால், உடைந்த பந்தை மூக்கருகே கொண்டுபோனால் பூஜையறை வாசனை அடிக்கும். நசுங்கிய பந்தை யாரும் தூக்கி எறிய மாட்டோம். ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு ஸ்பூனால் உருட்டிக்கொண்டே இருந்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து குழி மேலே வந்துவிடும். அப்படிப் பிழைத்த பந்து கொஞ்சம் கோணலாகத்தான் துள்ளும், ஆனாலும் பயிற்சிக்கு ஆகும். நிஜமாகவே உடைந்துபோனதைப் பையன்கள் காகிதத்தில் சுற்றிக் கொளுத்தி, வாட்ச்மேன் துரத்தும் வரை புகை விடுவார்கள்.

எங்களுக்கெல்லாம் ஆதர்சம் வி. சந்திரசேகர். மூன்று முறை தேசியச் சாம்பியன். 1984-இல் முழங்காலுக்குச் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சையில் நேர்ந்த விபரீதம் அவருடைய ஆட்டத்தை ஒரே நாளில் முடித்துப் போட்டது. பேச்சு, பார்வை, நடை எல்லாமே பாதிக்கப்பட்டு, வருஷக்கணக்கில் போராடி எழுந்து வந்து, பயிற்சியாளராக நின்றார். 2021-இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. சென்னையில் இந்த ஆட்டத்துக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறதென்றால் அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு பங்கு ராவ் சகோதரர்களுக்கு. ஸ்ரீநிவாச ராவ், முரளிதர ராவ். தெலுங்கு பேசும் குடும்பம், அச்சந்தா என்பது குடும்பப் பெயர். இருவருமே ஆடியவர்கள், பின்னால் இருவருமே பயிற்சியாளர்கள். ஸ்ரீநிவாச ராவின் பையன்கள் சரத், ரஜத் இருவரும் இந்த ஆட்டத்துக்கே வந்தார்கள். 1982 ஜூலையில் பிறந்த சரத், நான்கு வயதிலேயே பேட்டைப் பிடித்தவர். அப்பாவும் சித்தப்பா பெரியப்பாவும் கோச்சாக இருக்கிற வீட்டில் பிள்ளை படும் பாடு எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். வெளியே கோச்சிடம் திட்டு வாங்கினால் வீட்டுக்கு ஓடிவிடலாம். இங்கே வீட்டிலும் அதே கோச்.

ஆக, அந்தப் பையன் பதினான்கு வருஷம் 38 மில்லிமீட்டர் பந்தில், 21 பாயின்ட் கணக்கில் கற்றுக்கொண்டான். கற்று முடித்துப் பெரியவர்கள் பிரிவில் கால் வைக்கும் நேரம் பார்த்து ஆட்டத்தை மாற்றினார்கள்.

2000, சிட்னி ஒலிம்பிக் முடிந்த கையோடு, அக்டோபர் 1 முதல் பந்து 40 மில்லிமீட்டர் ஆனது. எடை 2.7 கிராம். இரண்டு மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று வெளியாள் கேட்பார். பந்து பெரிதானால் காற்று அதை அதிகம் பிடிக்கும், வேகம் குறையும். அதே கை வீச்சுக்குச் சுழற்சியும் குறையும். தொலைக்காட்சியில் பார்க்கிறவருக்குப் பந்து தெரியவேண்டும், ரேலி நீளவேண்டும் என்பது சர்வதேசச் சம்மேளனத்தின் நோக்கம். மேசையை ஒட்டி நின்று, எதிராளி அடித்த வேகத்தையே கடன் வாங்கித் திருப்பி அடிக்கிற சின்ன உருவக்காரர்கள் இதில் அடிபட்டார்கள். இனி வேகத்தைச் சொந்தக் கையிலிருந்தும் காலிலிருந்தும்தான் எடுக்கவேண்டும். சரத்துக்கு ஆறடிக்கு மேல் உயரம், நீளமான கை, இடுப்பிலிருந்து கிளம்புகிற ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின். இந்த மாற்றம் அவருக்குச் சாதகம் என்றே நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் வந்தது சாதகமா பாதகமா என்று யாருக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. 21 போய் 11 வந்தது. ஐந்து சர்வீஸ் போய் இரண்டு. 21-இல் ஆடியவர்களுக்குப் பொறுமை என்று ஒரு ஆயுதம் இருந்தது. 5-12 என்று பின்தங்கியிருந்தால்கூடக் கோச் அசைய மாட்டார். “விடுடா, இன்னும் நேரமிருக்கு, அவன் சர்வீஸைப் படி” என்பார். முதல் பத்து பாயின்ட் எதிராளியைப் படிப்பதற்கு, மிச்சம் ஜெயிப்பதற்கு. 11-இல் படித்து முடிக்கும்போது கேம் முடிந்திருக்கும். மேலே உட்கார்ந்திருந்த எனக்கே முதல் சில மாதங்கள் தடுமாற்றம். அஞ்சுக்கு அஞ்சு என்று பழகிய மனசு, இரண்டு சர்வீஸ் முடிந்ததும் கை மாற்றச் சொல்லவேண்டும். தரவரிசையில் மேலே இருந்தவர்கள் திடீர் திடீரென்று முதல் சுற்றிலேயே பெட்டி கட்டினார்கள்.

மூன்றாவது மாற்றம்தான் நடுவர்களின் தலைவலி. அதுவரை சர்வீஸ் போடுகிறவன் பேட் பிடிக்காத கையையோ தோளையோ பந்துக்கு முன்னால் கொண்டுவந்து, பந்தும் பேட்டும் தொடுகிற அந்த நொடியை எதிராளி பார்க்கவிடாமல் மறைப்பான். மேல்சுழற்சியா, கீழ்ச்சுழற்சியா, சும்மா தள்ளினானா, தெரியாது. பந்து வலையைத் தாண்டி வந்து துள்ளிய பிறகுதான் ஊகிக்கவேண்டும். சர்வீஸிலேயே கேமை முடிக்கிறவர்கள் இருந்தார்கள். 2002 செப்டம்பரிலிருந்து மறைக்கக்கூடாது என்றார்கள். பந்து விரித்த உள்ளங்கையில் இருக்கவேண்டும். குறைந்தது 16 சென்டிமீட்டர் நேராக மேலே போகவேண்டும். மேலே எறிந்ததும் அந்தக் கை, பந்துக்கும் வலைக்கும் இடையிலிருந்து விலகிவிடவேண்டும். எதிராளி கண்ணுக்குப் பந்து முழுக்கத் தெரிந்துகொண்டே இருக்கவேண்டும். படிக்கச் சுலபம். பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு எதிராளியின் கண்ணில் என்ன தெரிந்தது என்று எப்படித் தெரியும்? சந்தேகமானால் முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை ஃபால்ட். பதினெட்டு வயசுப் பையனிடம் ஃபால்ட் சொன்னால் அவன் அப்பா மாடியிலிருந்து கத்துவார். பதினைந்து வருஷப் பழக்கத்தை ஒரு அறிக்கையில் மாற்றச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது.

என் காலத்துப் பையன்கள் பலர் இந்த மூன்று வருஷத்தில்தான் ஒதுங்கினார்கள். ஒருவருக்குச் சர்வீஸ் போனது, இன்னொருவருக்கு மேசையை ஒட்டிய ஆட்டம் செல்லாக் காசானது, சிலருக்கு வேலை கிடைத்துவிட்டது, இனி எதற்குப் புதிதாகக் கற்பது என்று விட்டுவிட்டார்கள். இந்த இடிபாட்டின் நடுவிலிருந்துதான் 2003-இல் இருபது வயதில் சரத் கமல் முதல் தேசியப் பட்டத்தை எடுத்தார். வயது சரியாக அமைந்தது, அது அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. பாதி ஒப்புக்கொள்கிறேன். ஐந்து வயது மூத்தவராக இருந்திருந்தால் பழைய ஆட்டம் எலும்பில் ஊறியிருக்கும். ஆனால் அதே வயதில் அதே ஹாலில் இன்னும் எத்தனையோ பேர் இருந்தார்களே.

2004-இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் சாம்பியன்ஷிப்பின் ஒற்றையர் பட்டம். இந்தியர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் தடவை. அந்த வருஷமே ஏதென்ஸ் ஒலிம்பிக்கும் அர்ஜுனா விருதும். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் விளையாட்டில் இறுதியாட்டம் உள்ளூர்க்காரர் வில்லியம் ஹென்சலுடன். அரங்கம் முழுக்க எதிராளிக்குக் கத்த, தங்கம் இவருக்கு. அணிப் பிரிவில் சிங்கப்பூரைத் தாண்டி இன்னொரு தங்கம். அதன் பிறகு ஐரோப்பாவே வீடு மாதிரி ஆனது. ஸ்வீடன், ஸ்பெயின், ஜெர்மனி என்று கிளப் ஆட்டங்கள்; ஜெர்மனியின் நட்சத்திரம் டிமோ போல் ஆடிய டுசல்டார்ஃப் போருசியாவிலும் இவர் ஆடியிருக்கிறார். இந்தியன் ஆயில் வேலை ஒரு பக்கம், ஐரோப்பிய லீக் மறுபக்கம். எங்கள் தலைமுறையில் சாயங்காலம் சீட்டை விட்டு எழுந்து போவதே சலுகை. சம்பளத்துக்கு ஆள் எடுத்து, வாரா வாரம் உலகத் தரத்து ஆட்டக்காரனோடு மோதவிடுகிற ஏற்பாடு கிடைத்த தலைமுறை இவருடையது. அதற்கு விலையும் உண்டு. மாதக்கணக்கில் குளிரில், மொழி தெரியாத ஊரில், தனி அறையில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கவேண்டும்.

இப்போது பசைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் அந்தக் காலத்து ஆட்டத்தைச் சொல்ல முடியாது.

பேட் என்பது மரப்பலகை, அதன் மேல் ஸ்பாஞ்ச், அதன் மேல் ரப்பர். ஸ்பாஞ்ச் உலகத்துக்கு அறிமுகமானதே நம் ஊரில்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1952-இல் உலகச் சாம்பியன்ஷிப் முதல் தடவையாக ஆசியாவுக்கு வந்தபோது பம்பாயில் நடந்தது. ஜப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாட்டோ, தடிமனான ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு இறங்கினார். அதுவரை மரத்தில் மெல்லிய புள்ளி ரப்பர்தான். பந்து படும் சத்தத்தை வைத்தே எவ்வளவு வேகம் என்று கணிப்பார்கள். சாட்டோவின் பேட்டில் சத்தமே இல்லை. ஐரோப்பியச் சாம்பியன்கள் வரிசையாக விழுந்தார்கள், இறுதியில் ஹங்கேரியின் கோசியான் உட்பட. அதற்குப் பிறகுதான் 1959-இல் ரப்பரும் ஸ்பாஞ்சும் சேர்த்து 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதி வந்தது.

1970-களில் ஐரோப்பியர்கள் சிலர் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி ரப்பரை ஒட்டிப் பார்த்தார்கள். அந்தச் சொல்யூஷனில் இருக்கிற கரைப்பான் ஸ்பாஞ்சுக்குள் இறங்கி அதை உப்பவைக்கும். உப்பிய ஸ்பாஞ்சின் மேல் ரப்பர் விறைத்து நிற்கும். பந்து பட்டால் சீறிக்கொண்டு போகும், சுழற்சியும் கூடும். பின்னால் கம்பெனிகளே அதற்கென்று பசை போட்டார்கள். ஸ்பீட் க்ளூ.

மாநிலப் போட்டி நடக்கும் நாள் காலையில் ஹாலுக்கு வெளியே வராந்தாவில் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முந்தின நாள் ஒட்டிய ரப்பரை ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரிப்பார்கள். வேகமாக இழுத்தால் ஸ்பாஞ்ச் கிழியும். ஆயிரத்துக்கு மேல் விலை, அப்பாவிடம் மறுபடி கேட்க முடியாது. பழைய பசையை விரலால் திரட்டி உருட்டி எடுப்பார்கள். பிரஷ்ஷால் மரத்தில் ஒரு பூச்சு, ஸ்பாஞ்சில் இரண்டு அல்லது மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காயவேண்டும். ஊதிக் காயவைக்கிறவன் உண்டு, வெயிலில் காட்டுகிறவன் உண்டு. ரப்பர் அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். அதை மரத்தில் வைத்து, அம்மாவிடம் கேட்டு வாங்கிவந்த பூரிக்கட்டையால் உருட்டி ஒட்டி, விளிம்பைக் கத்தரிப்பார்கள். சில மணி நேரம்தான் வீரியம். அடுத்த மேட்ச்சுக்கு மறுபடி உரி, மறுபடி தடவு. வராந்தா முழுக்கப் பெட்ரோல் பங்க் வாசனை, எங்களுக்குத் தலை கிறுகிறுக்கும். நன்றாக ஏறிய பேட்டில் பந்து பட்டால் தகரத்தில் தட்டியது போல ‘டங்’ என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டாலே எதிராளிக்குப் பாதி பயம்.

ஃபோர்ஹேண்டை நம்பி ஆடுகிறவர்களுக்கு ஸ்பீட் க்ளூ வரப்பிரசாதம். 2008 செப்டம்பர் 1 முதல், பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்ததும், ஆவியாகும் கரைப்பான் உள்ள பசைக்குத் தடை. உடம்புக்குக் கெடுதல் என்பது காரணம், நியாயமான காரணம்தான். பெரிய போட்டிகளில் பேட்டைப் பெட்டிக்குள் வைத்து ஆவி இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கிற கருவி வந்தது. எங்களைப் போன்றவர்கள் தடிமன் அளக்கிற கருவியும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்தோம். தண்ணீர்ப் பசையில் ஒட்டிய ரப்பரில் அந்த ‘டங்’ இல்லை. அதே வீச்சு, ஆனால் பந்து மேசையின் ஓரத்துக்கு ஒரு சாண் முன்னால் விழும். கைக்குக் கணக்குத் தெரியாமல் போகும். 26 வயதில், நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருவருக்கு இது நடந்தது.

அவருடைய விடை 2010-இல் வந்தது. அந்த வருஷம் எகிப்து ஓபனில் ஹாங்காங்கின் லி சிங்கை வென்று பட்டம். சர்வதேசச் சம்மேளனத்தின் புரோ டூர் ஒற்றையர் பட்டத்தை ஒரு இந்தியர் எடுத்தது அதுவே முதல் முறை. அமெரிக்க ஓபனும் அதே வருஷம். டெல்லி காமன்வெல்த்தில் சுபஜித் சாஹாவுடன் இரட்டையர் தங்கம். பேப்பர்களில் டெல்லிதான் பெரிதாக வந்தது. எனக்கு எகிப்துதான் பெரிது.

பிறகு ஒரு பள்ளம். இதை அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள், போகக்கூடாது. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு அவர் தகுதி பெறவில்லை. 2014 ஜூலையில் செல்லுலாய்டு ஒழிந்து பிளாஸ்டிக் பந்து வந்தது. தீப்பற்றும் பொருள், விமானத்தில் அனுப்புவது தொல்லை என்று காரணம் சொன்னார்கள். கற்பூர வாசனையும் அதோடு போயிற்று. அது யாருக்கும் இழப்பில்லை. ஆட்டக்காரனுக்கு இழப்பு வேறு: இந்தப் பந்து சுழற்சியை முன்போல் பிடிப்பதில்லை, காற்றில் வளைந்து இறங்குவதற்குப் பதில் நேராக வருகிறது. ஆரம்பத்தில் வந்த பந்துகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு மாதிரித் துள்ளின, சீக்கிரம் உடையவும் செய்தன. சுழற்சியால் எதிராளியைத் தள்ளிவைத்து அடுத்த பந்தை ஃபோர்ஹேண்டில் முடிப்பது என்ற பாடத்தைக் கற்றவர்களுக்கு அந்தத் தள்ளிவைப்பு குறைந்துபோனது. சரத்துக்கு அப்போது 32 வயது. 2015-இல் தொடைத் தசையில் மோசமான காயம் வேறு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ருமேனியாவின் கிரிசானிடம் முதல் சுற்றிலேயே தோல்வி. எங்கள் வட்டாரத்தில் அப்போதே அவருடைய ஆட்டத்தை முடித்துப் பேசிவிட்டார்கள்.

இன்னொரு மாற்றமும் இதற்குள் வந்திருந்தது. எந்த விதிப்புத்தகத்திலும் அது இல்லை. சின்னதாகப் போடுகிற சர்வீஸை, மேசைக்கு மேலேயே மணிக்கட்டைச் சுழற்றி பேக்ஹேண்டால் கீறி அடிக்கிற ஃப்ளிக். சீனாவின் ஜாங் ஜிகே அதை வைத்து உலகை வென்ற பிறகு, பத்து வயசுப் பிள்ளைகூட அதைத்தான் முதலில் கற்கிறது. நாங்கள் கற்றதெல்லாம் பேக்ஹேண்ட் தடுப்பதற்கு, ஃபோர்ஹேண்ட் அடிப்பதற்கு. பேக்ஹேண்ட் பக்கம் வந்தால் காலை எடுத்துவைத்துச் சுற்றிப் போய் ஃபோர்ஹேண்டால் அடி. புதிய வேகத்தில் சுற்றிப் போக நேரமில்லை. முப்பது வயதுக்கு மேல் பேக்ஹேண்டைப் புதிதாகக் கட்டுவது என்றால், கையைத் தவிர காலையும் நிற்கிற இடத்தையும் மாற்றவேண்டும். 2018-இல் அவரைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது முன்பைவிட மேசைக்கு அருகில் நிற்பதைக் கவனித்தேன். பந்து எழும்பும்போதே தொடுகிறார். முன்பு அந்தப் பந்துக்கு ஒரு எட்டு பின்னால் போயிருப்பார்.

அந்த வருஷம் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டில் அணித் தங்கம், இறுதியில் நைஜீரியாவை 3-0. இத்தாலியப் பயிற்சியாளர் மாசிமோ கோஸ்டான்டினி அணியோடு இருந்த காலம். ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. கால் இறுதியில் ஜப்பானை வீழ்த்தி ஆண்கள் அணி வெண்கலம். ஆசிய விளையாட்டில் டேபிள் டென்னிஸ் சேர்ந்தது 1958-இல். அறுபது வருஷத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அடுத்து மணிகா பத்ராவோடு கலப்பு இரட்டையரிலும் வெண்கலம். உலகத் தரவரிசையில் 30 வரை போனதும் இந்தப் பிற்காலத்தில்தான். என்னைக் கேட்டால் 2014 முதல் 2018 வரையிலான அந்த நான்கு வருஷம்தான் சரத் கமலின் பெரிய சாதனை. அதற்குப் பதக்கம் கிடையாது.

மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. 2019 கட்டாக்கில் ஒன்பதாவது தேசியப் பட்டம். கமலேஷ் மேத்தாவின் 8 பட்டச் சாதனை அத்தோடு முறிந்தது. எதிராளி ஜி. சத்தியன், சந்திரசேகரிடம் கற்று எஸ். ராமனிடம் வளர்ந்த சென்னைப் பையன், பத்து வயது இளையவர், பேக்ஹேண்ட் மின்னல் வேகம். 2022-இல் ஷில்லாங்கில் அதே சத்தியனை 4-3 என்று தாண்டிப் பத்தாவது. டோக்கியோ ஒலிம்பிக்கில் போர்ச்சுகலின் அப்போலோனியாவை வென்ற பின் சீனாவின் மா லாங்கோடு மோதி, ஆளுக்கு ஒரு கேம் என்ற நிலையில் மூன்றாவதை 11-13 என்று விட்டது இன்னும் எனக்கு நெருடல். அந்தக் கேம் இந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் மா லாங் ஜெயித்திருக்கலாம். ஆனால் வியர்த்திருப்பார்.

பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டு, 2022. நாற்பது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்தியா தங்கம் எடுத்த அணி இறுதியில் இவர் தன் ஒற்றையரை சிங்கப்பூரின் கிளாரன்ஸ் சியூவிடம் தோற்றார். இதை யாரும் எழுதுவதில்லை. ஆண்கள் இரட்டையர் இறுதியில் சத்தியனோடு சேர்ந்து இங்கிலாந்தின் டிரிங்ஹால், பிட்ச்ஃபோர்டு ஜோடியிடம் 2-3. ஸ்ரீஜா அகுலாவோடு கலப்பு இரட்டையர் தங்கம். ஒற்றையர் அரையிறுதியில் அதே டிரிங்ஹால், இறுதியில் அதே பிட்ச்ஃபோர்டு. முதல் கேம் 11-13 போயிற்று. அடுத்த நான்கும் 11-7, 11-2, 11-6, 11-8. மெல்போர்ன் தங்கத்துக்கும் இதற்கும் பதினாறு வருஷ இடைவெளி. அங்கே உப்பிய ஸ்பாஞ்சில் செல்லுலாய்டு பந்தை அடித்தவர், இங்கே தண்ணீர்ப் பசையில் பிளாஸ்டிக் பந்தை அடித்தார். ஒரே போட்டி, ஒரே பதக்கம் என்று பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தேசியக் கொடியைப் பிடித்துப் போனார், ஒற்றையரில் முதல் சுற்றைத் தாண்டவில்லை. அணிப் பிரிவில் சீனாவின் ஃபான் ஜெண்டாங்கிடம் முதல் கேமை எடுத்துவிட்டுத் தோற்றார். ஒலிம்பிக் பதக்கமோ உலகச் சாம்பியன்ஷிப் பதக்கமோ அவரிடம் இல்லை. அதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும்.

2025 மார்ச் கடைசியில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் அவருடைய கடைசிப் போட்டி. சர்வதேசப் போட்டியில் அவர் முதலில் ஆடியதும் இதே ஊரில்தான். ஸ்நேஹித் சுரவஜ்ஜுலா என்ற இளைஞரிடம் 0-3. ஸ்நேஹித் 21 பாயின்ட் கேம் ஒன்றுகூட ஆடியிருக்க மாட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் வங்கி அணியில் என்னோடு ஆடிய சீனியர், மேசையை ஒட்டி நின்று ஆடுகிற ரகம்.

“சார், மேத்தா எட்டு, இவர் பத்து. மேத்தாவோடது 21, இவரோடது 11. எது கஷ்டம், சொல்லுங்க?” என்றேன்.

“21தான்யா. மூச்சு வேணும், தலை வேணும். பதினொண்ணு லாட்டரி.”

“லாட்டரின்னா பத்து தடவை ஒரே ஆளுக்கு எப்படி சார் விழும்? 21-ல நல்ல ஆட்டக்காரன் நாலு தப்பு பண்ணிட்டுத் திரும்பி வரலாம். இதுல யார் வேணா யாரையும் தட்டிவிடலாம். அதுல பத்துன்னா?”

அவர் கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாற்காலியில உக்காந்தவன் அப்படித்தான்யா பேசுவான்” என்றார்.